2352 பீஸ் என்று சொல்லி வந்த பெட்டி

ஒன்றோடொன்று மாட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பொம்மைச் செங்கல்களான லெகோவில் பழைய செட் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போது கடையில் கிடைக்கும் செட்டைப் பற்றி அல்ல. தயாரிப்பு நின்று வருஷக்கணக்காகி, யாரோ ஒருவருடைய அலமாரியிலிருந்தோ பரணிலிருந்தோ இறங்கி வரும் செட்டைப் பற்றி. நான் இதில் கால் வைத்தபோது என்னைச் சுற்றி இதைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. யாரிடமாவது கேட்கவும் கூச்சமாக இருந்தது. இந்த வயதில் பொம்மைக்கு இவ்வளவு பணமா என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அந்தக் கூச்சத்தால் எனக்குப் போனது, எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளம்.

நான் ஆசைப்பட்டது 10185 என்ற எண் கொண்ட கிரீன் கிரோசர். 2008-ல் வந்தது, 2352 பீஸ். லெகோவில் மாடுலர் கட்டடங்கள் என்று பெரியவர்களை மனதில் வைத்துச் செய்யும் ஒரு வரிசை உண்டு. 2007-ல் கஃபே கார்னர் என்ற செட்டோடு தொடங்கியது. மாடி மாடியாகத் தூக்கி எடுத்து உள்ளே பார்க்கலாம், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால் ஒரு தெருவே வந்துவிடும். கிரீன் கிரோசரில் கீழே காய்கறிக் கடை, மேலே வீடு, முன்பக்க மாடிச் சுவரில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெளிர் பச்சை. சேகரிப்பவர்கள் அதை சாண்ட் கிரீன் என்பார்கள். பள்ளியோடு லெகோவை விட்டுவிட்டு, முப்பதைத் தாண்டித் திரும்ப எடுத்தவன் நான். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பச்சைச் சுவர் கண்ணில் பட்டது. அப்புறம் பல மாதம் வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

லெகோ எந்த செட்டையும் காலத்துக்கும் தயாரித்துக்கொண்டிருப்பதில்லை. சிலது ஒன்றரை வருஷம், சிலது இரண்டு மூன்று வருஷம், பிறகு நின்றுவிடும். நின்ற பிறகு விலையை முடிவு செய்வது வைத்திருப்பவரின் பொறுமையும் தேடுபவரின் அவசரமும்தான். 2016-ல் நான் தேடத் தொடங்கியபோது கிரீன் கிரோசரின் விலை ஆரம்ப விலையைப் போலப் பல மடங்கு ஆகியிருந்தது. சீல் உடையாத பெட்டி என் கைக்கு எட்டாது. அதனால் பிரித்துக் கட்டி, மறுபடி கழற்றி வைத்த பழைய செட்டாகத் தேடினேன். நாலு மாதம் கழித்து ஒருவர் சிக்கினார். மற்றவர்கள் சொன்னதில் முக்கால் பங்கு விலை. "நூறு சதவீதம் முழுசு, நானே எண்ணிப் பார்த்தேன், கையேடும் இருக்கிறது" என்று எழுதியிருந்தார். கட்டி நிறுத்திய நிலையில் மூன்று படம் அனுப்பினார். மூன்றும் முன்பக்கம், கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தவை.

இப்போது அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு எல்லாமே தெரிகிறது. அன்று எதுவும் தெரியவில்லை. விற்பனைத் தளத்தின் வழியாகப் போகாமல் நேராகப் பணம் அனுப்பினால் பத்து சதவீதம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார், இன்று இரவுக்குள் சொல்லுங்கள் என்றார். நெஞ்சு அடித்துக்கொண்டது. இதை விட்டால் இன்னொன்று வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒன்றேகால் மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இழப்பு தொடங்கியது இந்த ஒரு ராத்திரியில்தான். வாங்குபவருக்குப் பாதுகாப்புத் தரும் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பத்து சதவீதம் மிச்சம் என்பது ஏதாவது தவறினால் புகார் செய்யும் உரிமையை நாம் விற்கும் விலை. அவசரப்படுத்துபவரிடம் "அவருக்கே கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். 10185 மாதிரி ஒரு செட் ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறது, எல்லாம் ஒரே நாளில் காணாமல் போகாது. நான் வாங்கி முடித்த அடுத்த இரண்டு மாதத்தில் மட்டும் என் கண் முன்னால் இன்னும் மூன்று விற்பனைக்கு வந்தன.

பார்சல் வந்தது. பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது சிகரெட் வாடை. ஒரே பெரிய பிளாஸ்டிக் பையில் அத்தனை பீஸும் கலந்து கிடந்தன. கையேட்டில் அட்டையும் முதல் ஆறு பக்கமும் இல்லை. அப்போதும் மனதைத் தேற்றிக்கொண்டேன், கழுவினால் போய்விடும் என்று. பிறகு எண்ண உட்கார்ந்தேன். எல்லோரும் தூங்கிய பிறகு, தரையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, லெகோ பீஸ்களுக்கான பிரிக்லிங்க் என்ற இணையதளத்தில் இருக்கும் அந்த செட்டின் பட்டியலை வைத்துக்கொண்டு, நிறம் வாரியாக, அளவு வாரியாக. ஒன்பது ராத்திரி ஆனது.

மூன்றாவது ராத்திரியில்தான் சந்தேகம் வந்தது. சாண்ட் கிரீன் பீஸ்களை வரிசையாக அடுக்கியபோது சிலது ஒரு துளி நீலம் கூடின மாதிரி தெரிந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். அசல் லெகோ பீஸின் மேலே இருக்கும் ஒவ்வொரு குமிழிலும் லெகோ என்ற பெயர் ஆங்கில எழுத்தில் மெல்லிசாகப் புடைத்து நிற்கும். இவற்றில் பல மொழுக்கென்று இருந்தன. ஒரு அசலையும் ஒரு போலியையும் மாட்டிப் பார்த்தேன். அசலோடு அசல் மாட்டினால் விரலுக்கே தெரியும் ஒரு பிடிப்பு வரும், கழற்றினாலும் அதே அளவு விசைதான். போலியில் ஒன்று தானாகக் கழன்றது, அடுத்தது நகம் வலிக்க இழுத்தும் வரவில்லை. லெகோ இப்போதைய செங்கல் வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958-ல். அந்த வருஷத்துச் செங்கல் இன்றைய செங்கலோடு மாட்டும் என்றால் அந்த அளவுத் துல்லியம்தான் காரணம். அந்தத் துல்லியத்துக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம், அதுவே இல்லாத பீஸை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் லெபின் என்ற பெயரில் மாடுலர் கட்டடங்களை அப்படியே நகல் எடுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 2019-ல் சீனக் காவல்துறை சோதனை நடத்தி அதை நிறுத்தியது. ஆனால் அதற்குள் வெளியே போன பீஸ்கள் போனவைதான், இன்றும் பழைய செட்களுக்குள் கலந்து சுற்றிக்கொண்டிருக்கின்றன. எனக்கு விற்றவர் வேண்டுமென்றே செய்தாரா, அவரும் யாரிடமோ இப்படித்தான் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது.

கணக்கு இதுதான். 2352-ல் அசல் 2071. போலி 194. இல்லவே இல்லாதது 87. போலியிலும் இல்லாததிலும் பாதிக்கு மேல் அந்த சாண்ட் கிரீன். விலை கூடிய பீஸ்தானே முதலில் கழன்று போகும். இன்னொன்று, வெள்ளை பீஸ்களில் பாதி ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகியிருந்தது. ஜன்னல் ஓரத்தில் வருஷக்கணக்காக வெயில் படும்படி வைத்திருக்கிறார்கள். லெகோ பீஸ் செய்யப் பயன்படும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும், வெள்ளையிலும் வெளிர் சாம்பலிலும் உடனே கண்ணில் படும். முன்பக்கத்தை மட்டும், அதுவும் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில் மரியாதையாக வந்தது, தபாலில் விழுந்திருக்கும் என்று. 87 பீஸ் எப்படித் தபாலில் விழும் என்று கேட்டேன். இரண்டாவது பதிலில் எண்ணத் தெரியாதவன் நான்தான் என்று ஆனது. மூன்றாவதுக்குப் பதிலே இல்லை. தளத்தில் புகார் செய்தால், பணம் எங்கள் வழியாக வரவில்லையே என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பணம் போனதைவிட, ஆசைப்பட்ட ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அருவருப்பு வந்ததே, அதுதான் என்னை உடைத்தது.

படம் கேட்பது எப்படி என்று இப்போது சொல்கிறேன். கட்டி நிறுத்திய படம் எதற்கும் உதவாது. மாடிகளைத் தனித்தனியாக எடுத்து வைத்து, நாலு பக்கமும், பகல் வெளிச்சத்தில் வேண்டும். ஒரு தாளில் இன்றைய தேதியை எழுதிப் பக்கத்தில் வைத்து ஒரு படம். விலை கூடிய நிறத்தில் பத்துப் பன்னிரண்டு பீஸை எடுத்து, குமிழில் இருக்கும் எழுத்து தெரியும்படி கிட்டத்தில் ஒன்று, அதே பீஸ்களைக் கவிழ்த்து ஒன்று. மினிஃபிகர்களை, அதாவது செட்டோடு வரும் சின்ன மனித பொம்மைகளை, முன்னும் பின்னும். கையேட்டின் கடைசிப் பக்கம். ஸ்டிக்கர் இருக்கிற செட் என்றால் ஸ்டிக்கரின் ஓரங்கள், ஏனென்றால் பழைய ஸ்டிக்கர் காய்ந்து பொரிந்துவிடும். எடையும் கேட்கலாம், பட்டியலில் இருக்கும் எடையோடு ஒப்பிட்டால் பெரிதாக ஏதாவது குறைகிறதா என்று தெரியும், ஆனால் போலியும் ஏறக்குறைய அதே எடைதான், அதனால் எடையை வைத்து அசல் என்று நம்பிவிடக் கூடாது. இவ்வளவையும் கேட்டால் நல்ல விற்பனையாளர் அலுத்துக்கொள்ள மாட்டார். அலுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வெட்டாத டேப்பிலிருந்து தொடங்கி நிறுத்தாமல் வீடியோ எடுங்கள்.

இத்தனை அடி வாங்கியும் நான் அடங்கவில்லை. பழையதை வாங்கினால்தானே ஏமாற்றுகிறார்கள், சீல் உடையாததாக வாங்கினால் ஏமாற வழியில்லை, விலையும் ஏறிக்கொண்டே போகும், போன பணத்தை அதில் மீட்டுவிடலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பில் 2017 தொடக்கத்தில் சேமிப்பை எடுத்து 10189 தாஜ்மகால் ஒன்றை வாங்கினேன். 2008-ல் வந்தது, 5922 பீஸ், அப்போது அதைவிடப் பெரிய செட் லெகோவில் இல்லை. ஆரம்ப விலையைப் போலப் பல மடங்கு கொடுத்தேன். பெட்டி அசல்தான், சீலும் அசல்தான். அந்த விஷயத்தில் எந்தக் குறையும் இல்லை.

அந்த வருஷம் செப்டம்பரில் லெகோ, ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் விண்கலமான மிலேனியம் ஃபால்கனைப் புதிதாக வெளியிட்டது, 75192, 7541 பீஸ். 2007-ல் வந்த பழைய ஃபால்கனை, 10179-ஐ, தங்கம் மாதிரிப் பூட்டி வைத்திருந்தவர்கள் விலை சரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். அது விண்கலம், எப்போது வேண்டுமானாலும் புதிதாக விடுவார்கள், தாஜ்மகாலை யார் திரும்ப விடப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போதே விற்றிருக்க வேண்டும். அதே 2017 இறுதியில் 10256 என்ற புது எண்ணோடு தாஜ்மகால் திரும்ப வந்தது. 5923 பீஸ். பழையதைவிட ஒரு பீஸ் கூட. கட்டி வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத அதே கட்டடம், சாதாரணக் கடை விலையில். ஆசையாகக் கட்ட நினைத்த எத்தனையோ பேருக்கு அது நல்ல செய்தி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பெட்டியை ஆறு மாதம் கழித்து நான் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் விற்க முடிந்தது.

லெகோவை முதலீடாகப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் ஒரு ஆய்வைக் காட்டுவார்கள். ரஷ்யாவின் ஹையர் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரையிலான செட்களின் மறுவிற்பனை விலையைப் பார்த்து, ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீதமாவது ஏறியிருக்கிறது என்று சொன்னது. அதே ஆய்வில் பாதிக்குப் பாதி விழுந்த செட்களும் இருக்கின்றன. சராசரி என்பது நூற்றுக்கணக்கில் வாங்கி வைப்பவருக்கு. ஒரே ஒரு பெட்டியில் சேமிப்பைப் போட்டவனுக்கு அது பொருந்தாது. அந்தப் பெட்டி ஈரம் படாமல், வெயில் படாமல், மூலை நசுங்காமல் இருக்க ஒரு இடம் வேண்டும், விற்கும்போது தளத்துக்குக் கமிஷன், பெரிய பெட்டிக்கு அனுப்பும் செலவு. கட்டுவதற்கு வாங்குகிறீர்களா, விற்பதற்கா என்று பணம் கொடுக்கும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். எனக்கு விற்கும் எண்ணம் இருந்ததால் அந்தத் தாஜ்மகாலைக் கட்டவே இல்லை. 5922 பீஸையும் ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் வைத்துக்கொண்டு ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அதை விற்ற அன்றுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்தப் பச்சை வீடு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாக்களை எடுத்துக் காட்டினேன். போலியை எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டவள், விளக்கைச் சாய்த்துப் பார்த்ததைச் சொன்னதும், ஒரு பீஸை எடுத்துக் கட்டைவிரல் நகத்தைக் குமிழின் மேல் வைத்து இழுத்தாள். அசலில் நகம் எழுத்தில் தடுக்கிச் சரசரவென்று போகிறது, போலியில் வழுக்கிக்கொண்டு போகிறது. கண்ணை மூடிக்கொண்டே பிரிக்கலாம். ஒன்பது ராத்திரி கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலையை இரண்டு மணி நேரத்தில் சரிபார்த்து முடித்தோம், நான் அசல் என்று நினைத்து வைத்திருந்த குவியலிலிருந்து இன்னும் 11 போலியை அவள் எடுத்தாள்.

அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதுதான் எனக்கு உண்மையில் உதவியது. செட் என்பது ஒரு பெட்டி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். செட் என்பது ஒரு பட்டியல். எந்த பீஸ், எந்த நிறம், எத்தனை, அவ்வளவுதான். பட்டியல் பிரிக்லிங்கில் இருக்கிறது. 2000-ல் ஒரு ரசிகர் தொடங்கிய தளம் அது, 2019-ல் லெகோ நிறுவனமே வாங்கிவிட்டது. உலகம் முழுக்க இருக்கும் சின்னச் சின்னக் கடைக்காரர்கள் பீஸை ஒற்றை ஒற்றையாக அங்கே விற்கிறார்கள். கையேடு தொலைந்தாலும் கவலையில்லை, 1996-க்குப் பிறகு வந்த செட்களில் பெரும்பாலானவற்றின் கையேடு லெகோவின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. என் கிழிந்த ஆறு பக்கத்துக்காக ஒரு கையேட்டைத் தனியாக விலை கொடுத்து வாங்கியிருந்தேன், அதுவும் வீண்.

பீஸாக வாங்குவதிலும் பணம் ஓட்டை விழுந்த பையில் போட்ட மாதிரி போகும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் தனி அனுப்பும் செலவு. ஐந்து கடையில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் பீஸின் விலையை அனுப்பும் செலவு தாண்டிவிடும். தேவையானதையெல்லாம் ஒரே பட்டியலாகப் போட்டு, அதில் அதிகமானவற்றை வைத்திருக்கும் இரண்டு கடையைத் தேடி, கொஞ்சம் விலை கூடினாலும் அங்கேயே வாங்குவதுதான் லாபம். நிறத்தில் கவனம் வேண்டும். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களையும் பழுப்பையும் மாற்றியது, பழைய சாம்பல் லேசான மஞ்சள் சாயல், புதியது லேசான நீலச் சாயல், பக்கத்தில் வைத்தால் உறுத்தும். வெளியே தெரியாத உள்சுவருக்கு விலை கூடிய நிறத்தை வாங்காதீர்கள், எந்த நிறமும் போதும். பழைய பீஸைக் கழுவ 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீரும் கொஞ்சம் மிதமான சோப்பும் போதும், வாஷிங் மெஷினில் போடக் கூடாது. ஸ்டிக்கர் ஒட்டியதையும் மோட்டார் இருப்பதையும் தண்ணீரில் போடாதீர்கள். மஞ்சளான பீஸை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நான் இருபது பீஸில் செய்து பார்த்தேன், நன்றாகவே வெளுத்தது, ஒரு வருஷத்தில் சிலது திரும்ப மஞ்சளானது. மீதியை அப்படியே விட்டுவிட்டு மஞ்சள் பக்கத்தை உள்ளே திருப்பிக் கட்டினேன்.

கடைசியாக எண்ணியபோது 205 போலியும் 87 காணாததுமாக 292 பீஸ் வாங்க வேண்டியிருந்தது. ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டேன், மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை வைத்து, அதைத் தாண்டாமல். மொத்தம் முதலில் செட்டுக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் செலவானது. ஆரம்பத்தில் நியாயமான விலை சொன்னவரிடமே வாங்கியிருந்தால் கிட்டத்தட்ட இதே தொகைதான் ஆகியிருக்கும், இடையில் தாஜ்மகாலும் வந்திருக்காது.

இப்போது கிரீன் கிரோசர் வெயில் படாத சுவரோரமாக நிற்கிறது. இரண்டாவது மாடியின் சுவரில் மூன்று சாண்ட் கிரீன் பீஸ்கள் மட்டும் இன்னும் வரவில்லை. அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு சிவப்பு பீஸை வைத்திருக்கிறோம். கட்டுப்படியாகும் விலையில் அவற்றை வைத்திருக்கும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரிடம் வாங்க வேண்டியது வேறு எதுவும் இல்லை, மூன்று பீஸுக்காக மட்டும் அனுப்பும் செலவு கொடுக்க மனம் வரவில்லை. அடுத்து கஃபே கார்னரின் பட்டியலைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதில் அவரிடம் இருப்பவற்றையும் சேர்த்து ஒன்றாக வாங்கிக்கொள்ளலாம் என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.